ப்ரொபோசலா, ஒப்பந்தமா, இரண்டுமா? எந்த வேலைக்கு எந்தத் தாள்

“சரி, ஆரம்பிச்சிடலாம்” என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். இனி அவருக்கு என்ன தாளை அனுப்புவது? இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்த வாட்ஸாப் செய்தியே போதும் என்பவர் உண்டு. வக்கீல் பார்த்துக் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து விழாமல் கம்ப்யூட்டரையே திறக்க மாட்டேன் என்பவரும் உண்டு. நடுவில் கொட்டேஷன், ப்ரொபோசல், வொர்க் ஆர்டர் என்று பல பெயர்களில் பல தாள்கள் சுற்றுகின்றன.

பெரும்பாலானோர் தொகையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சின்னத் தொகை என்றால் பேச்சோடு சரி, பெரிய தொகை என்றால் ஒப்பந்தம். இந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. “வேலை முடிந்துவிட்டது” என்பதில் எவ்வளவு வாக்குவாதத்துக்கு இடம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் வருடக் கணக்கை முடித்துத் தாக்கல் செய்வது பெரிய தொகைக்கான வேலையாக இருக்கலாம். ஆனால் தாக்கல் ஆனதா இல்லையா என்பதில் சண்டைக்கு வழியே இல்லை. லோகோ வரைவதற்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். “இன்னும் கொஞ்சம் வேற மாதிரி பார்க்கலாமே” என்ற ஒரே வரியில் அது மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். கெட்டியான தாள் தேவைப்படுவது இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். ப்ரொபோசலைப் படிப்பவர் உங்களைத் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆள். தன் பிரச்சினை உங்களுக்குப் புரிந்ததா, எப்படித் தீர்ப்பீர்கள், எவ்வளவு ஆகும், எப்போது முடியும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஒப்பந்தத்தைப் படிப்பவர் வேறு ஆள். எல்லாம் நல்லபடியாகப் போனால் அதை யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. சிக்கல் வந்தால், உங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு எதுவும் தெரியாத ஒருவர் படிப்பார். வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் புதிதாக வந்த மேலாளராக இருக்கலாம், கணக்குப் பிரிவாக இருக்கலாம், ஒரு வக்கீலாக இருக்கலாம். “உங்கள் விற்பனையை உயர்த்தும் வலைத்தளம்” என்ற வரி ப்ரொபோசலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே வரி கையெழுத்தான தாளில் இருந்தால், விற்பனை உயரவில்லை என்று சொல்லிக் கடைசித் தவணையை நிறுத்தி வைக்க அது ஒரு சாக்கு.

பேச்சும் மெசேஜும்

வாயால் பேசியது ஒப்பந்தமே ஆகாது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பெரும்பாலான நாடுகளின் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. இன்ன வேலையை இன்ன விலைக்குச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொல்லி, மற்றவர் ஏற்றுக்கொண்டால், சாதாரணச் சேவைகள் பலவற்றுக்கு அதுவே ஒப்பந்தம்தான். இடறுவதெல்லாம் நிரூபிக்கும் இடத்தில்.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் 2023-இல் தீர்ப்பான வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படம் பிடித்து விவசாயியின் போனுக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரல் உயர்த்திய இமோஜி ஒன்றைப் பதிலாகப் போட்டார். சொன்ன மாதத்தில் விதை வந்து சேரவில்லை. தாள் கிடைத்தது என்று தெரிவிக்கத்தான் அதைப் போட்டேன், சம்மதம் என்று சொல்லவில்லை என்றார் விவசாயி. நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதற்கு முன்பும் “ஓகே” போன்ற சுருக்கமான பதில் போட்டுத்தான் இருவரும் வியாபாரம் செய்து வந்தார்கள் என்பதை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை.

ஆக, மெசேஜும் செல்லும். ஆனால் எந்த மெசேஜ் எதுவரை செல்லும் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. விலை ஒரு இடத்தில் இருக்கும், தேதி நாலு நாள் கழித்து வேறொரு இடத்தில் இருக்கும், நடுவில் ஒரு வாய்ஸ் நோட்டில் “அதையும் சேர்த்துப் பண்ணிடுங்க” என்று ஒரு வேலை ஏறியிருக்கும். அதற்கு நீங்கள் ஒரு சிரிப்பு இமோஜி போட்டிருப்பீர்கள்.

ஒரே அமர்வில் முடிகிற, முழுப் பணமும் முன்பே வந்துவிடுகிற வேலைக்கு இந்த வழி போதும். ஒரு மணி நேர ஆலோசனைக்கோ அரை நாள் பயிற்சிக்கோ ஒப்பந்தம் நீட்டினால் எதிராளிக்குத்தான் சங்கடம். அப்போதும் பேசியதையெல்லாம் ஒரே மெசேஜில் தொகுத்துவிட வேண்டும். இப்படி: “சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை ஆன்லைன் பயிற்சி. 12 பேர் வரை. கட்டணம் முழுவதும் வெள்ளிக்கிழமைக்குள். வீடியோ பதிவு தரப்படாது. தேதி மாற்ற வேண்டுமானால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். இதெல்லாம் சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் போடுங்கள்.” கட்டைவிரலுக்கு இங்கே வேலையில்லை.

நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரத்தில் 2017 முதல், 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலையை ஃப்ரீலான்ஸருக்குக் கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அதை எழுதும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது.

கொட்டேஷன் மட்டும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணி, அளந்து விற்கும் சேவைக்குக் கொட்டேஷன் சரியாக வரும். மொழிபெயர்ப்புக்கு வார்த்தைக் கணக்கு, சுத்தம் செய்யும் வேலைக்குச் சதுர அடி, டேட்டா என்ட்ரிக்குப் பதிவுகளின் எண்ணிக்கை. விலை இறுதியானதா, உத்தேசமா என்பதை மட்டும் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். உத்தேசம் என்று மனதில் வைத்துக்கொண்டு கொட்டேஷன் என்று அனுப்பினால், அதை இறுதி விலையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை நாள் செல்லுபடியாகும் என்ற வரியும் வேண்டும். அது இல்லாததால் எட்டு மாதம் கழித்துப் பழைய விலைப்பட்டியலோடு வந்து நிற்பவர்கள் உண்டு. கொட்டேஷன் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. எது சேராது என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கேள்வி எழாத வேலைகளோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

ப்ரொபோசலிலேயே கையெழுத்து

சிறிய சேவை நிறுவனங்களுக்கும் தனியாளாகத் தொழில் செய்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். மூன்று நான்கு பக்கத்தில் ப்ரொபோசல், அதன் பின்னால் ஒரு பக்கத்தில் நிபந்தனைகள், அடியில் இருவர் கையெழுத்து. கையெழுத்தோடு அட்வான்ஸும் வந்தால்தான் வேலை நாள்காட்டியில் ஏறும்.

இதன் பெரிய லாபம் வேகம். ப்ரொபோசலுக்கு “சரி” வந்த பிறகு தனியாக ஒப்பந்தம் அனுப்பினால், வாடிக்கையாளர் இரண்டாவது முறை யோசிக்க உட்காருகிறார். அதை அவருடைய வக்கீலுக்கு அனுப்புகிறார். வக்கீல் ஊரில் இல்லை. இரண்டு வாரம் போய்விடுகிறது. ஒரே தாளாக இருந்தால் விலைக்குச் சம்மதிக்கும் நேரத்திலேயே திருத்தங்களின் எண்ணிக்கைக்கும் ரத்துக் கட்டணத்துக்கும் சேர்த்தே சம்மதித்துவிடுகிறார். நிபந்தனை பற்றிப் பேச்சு வந்தாலும் அது விலையோடு சேர்ந்த பேச்சாகவே இருக்கும்.

இதில் கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன அழகான வரிகள். கையெழுத்து விழப்போகும் தாள் என்பதால், “உயர்த்தும்”, “முதலிடத்துக்குக் கொண்டுவரும்” போன்ற வாக்குறுதிகளை எடுத்துவிட்டு, நீங்கள் கையால் செய்து கொடுக்கப்போவதை மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது, விருப்பத் தேர்வுகள். ப்ரொபோசலில் மூன்று விலையில் மூன்று தொகுப்பு கொடுப்பது நல்ல வழக்கம்தான். “உங்களை எடுக்கலாமா” என்ற கேள்வியை அது “எதை எடுக்கலாம்” என்று மாற்றிவிடுகிறது. ஆனால் எதை எடுத்தார் என்று டிக் செய்ய ஒரு கட்டம் இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால், நடுத் தொகுப்பின் விலைக்குப் பெரிய தொகுப்பின் வேலை கேட்கப்படும்.

வேலையின் எல்லையை எழுதுவதில்தான் இந்தத் தாளின் உயிர் இருக்கிறது. பெரும்பாலான ப்ரொபோசல்களில் இப்படி இருக்கும்: “நிறுவனத்துக்கான வலைத்தளம் வடிவமைத்துத் தரப்படும்.” இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்து பக்கமும் கேட்கலாம், ஐம்பது பக்கமும் கேட்கலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“முகப்பு, அறிமுகம், சேவைகள், கட்டுரைகள், தொடர்பு என ஐந்து பக்கங்கள். எழுத்தும் படங்களும் வாடிக்கையாளர் தருவார். முகப்புக்கு இரண்டு சுற்றுத் திருத்தம், மற்றவற்றுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்று என்பது, எல்லோருடைய கருத்தையும் தொகுத்து, வாடிக்கையாளர் சார்பில் ஒருவர் ஒரே பட்டியலாக அனுப்புவது. ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி, இரண்டாவது மொழி, டொமைன் மற்றும் ஹோஸ்டிங் கட்டணம், வெளியான பிறகு செய்யும் பராமரிப்பு ஆகியவை இதில் சேரா.”

இதில் விலைமதிப்பு மிக்க சொல் “ஒருவர்”. இரண்டு சுற்று என்று மட்டும் எழுதினால், முதலாளி திங்கட்கிழமை ஒன்று சொல்வார், பங்குதாரர் புதன்கிழமை அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார், இரண்டும் சேர்ந்து ஒரே சுற்று என்பார்கள். யார் சொன்னால் அது முடிவு என்று பெயரோடு எழுதிவிட்டால், அந்தச் சண்டை அவர்கள் அலுவலகத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். கடைசி வரியும் அதே அளவு முக்கியம். சேரும் வேலைகளை எல்லோரும் எழுதுகிறார்கள். சேராதவற்றை எழுதத் தயங்குகிறார்கள், கறாராகப் பேசுவதுபோல் தோன்றுமோ என்று. வாடிக்கையாளர்கள் இதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. “அப்போ இரண்டாவது மொழிக்கு எவ்வளவு?” என்று அங்கேயே கேட்பார்கள். அது கூடுதல் வேலையாக உங்களுக்கே வரும்.

அடுத்து, முடிவு எது என்பது. “ஒப்படைத்த நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும்” என்ற ஒரு வரி போதும். இது இல்லாவிட்டால், வேலையை வாங்கி வைத்துக்கொண்டு “பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் காணாமல் போக முடியும்.

பணம் எந்த நிகழ்ச்சியோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். “கடைசித் தவணை, தளம் வெளியான பிறகு” என்று எழுதுவது மிகச் சாதாரணம், மிக ஆபத்தும்கூட. வெளியிடும் தேதி அவர் கையில் இருக்கிறது. நிறுவனத்தின் படங்கள் வரவில்லை, முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார், நல்ல நாள் பார்க்கிறார்கள் என்று எதற்காக வேண்டுமானாலும் அது தள்ளிப்போகும், உங்கள் பணமும் கூடவே தள்ளிப்போகும். கடைசித் தவணையை ஒப்படைக்கும் நாளோடு கட்டுங்கள். அல்லது “வெளியாகும் நாள் அல்லது ஒப்படைத்த 15-ஆம் நாள், எது முந்தியதோ” என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் தர வேண்டிய தகவல் 30 நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை நிறுத்தி வைக்கப்படும், அதுவரை செய்ததற்குப் பில் போடப்படும், மறுபடி தொடங்கும்போது தேதி புதிதாகத் தீர்மானிக்கப்படும் என்ற வரியையும் சேர்த்துவிட்டால் அந்த ஒரு பக்கம் ஏறக்குறைய முடிந்தது. மீதி வழக்கமானவைதான்: ரத்துக் கட்டணம், உரிமை, எந்த நாட்டுச் சட்டம், தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது.

தனியாக ப்ரொபோசல், தனியாக ஒப்பந்தம்

ஒரு பக்க நிபந்தனைக்குள் அடங்காத வேலைகள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் ரகசியத் தகவல் உங்கள் கைக்கு வரும்போது, நீங்கள் வெளியாட்களை வைத்து வேலை செய்யும்போது, படைப்பின் உரிமை கைமாறும்போது, தவறு நடந்தால் நஷ்டம் உங்கள் கட்டணத்தைவிடப் பல மடங்காக இருக்கும்போது இரண்டு தாள்கள் வேண்டும். விலையும் வேலையும் இன்னும் பேரத்தில் இருக்கும் பெரிய திட்டங்களுக்கும் இதுதான் வசதி. ப்ரொபோசல் நான்கு முறை மாறட்டும், ஐந்து முறை மாறட்டும், இறுதியானதை மட்டும் ஒப்பந்தத்தோடு இணைத்தால் போதும்.

உரிமை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு தரப்பும் இதில் தப்புக்கணக்கு போடுகின்றன. பணம் கொடுத்தாயிற்று, அதனால் லோகோவோ புகைப்படமோ மென்பொருளோ முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். பல நாடுகளில், சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் செய்தது வேறு, வெளியாள் செய்து கொடுத்தது வேறு. வெளியாளின் பதிப்புரிமை எழுத்தில் மாற்றித் தரும்வரை பொதுவாக அவரிடமே இருக்கும். அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்தான எழுத்து வேண்டும் என்கின்றன. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால் வாடிக்கையாளருக்கே இந்த ஒப்பந்தம் அவசியம். இதைச் சொன்னால் “எதற்கு இவ்வளவு தாள்?” என்று முகம் சுளித்தவரும் உட்கார்ந்து படிப்பார். உங்கள் பக்கத்துக்கு ஒரு வரி: “முழுக் கட்டணமும் வந்து சேர்ந்த நாளில் உரிமை மாறும்.”

இந்த வழியில் இருக்கும் பள்ளம், “சரி” என்ற பேச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இருக்கிறது. அவசரம் என்பார்கள், நீங்களும் நல்லெண்ணத்தில் வேலையைத் தொடங்கிவிடுவீர்கள், ஒப்பந்த வரைவு மெயிலில் போய்வந்துகொண்டே இருக்கும். தயிர்க் கப்புகளைப் பொதியும் தானியங்கி இயந்திர வரிசை தொடர்பாக 2010-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு இதே கதைதான். ஒரு தற்காலிகக் கடிதத்தை நம்பி வேலையைத் தொடங்கினார்கள். கடிதத்தின் காலம் முடிந்தது, வேலை முடியவில்லை, இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்து விழவே இல்லை. கீழ் நீதிமன்றம், ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் வரைவில் உள்ள பொது நிபந்தனைகள் அதில் சேராது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தமே இல்லை என்றது. உச்ச நீதிமன்றம், ஒப்பந்தமும் உண்டு, நிபந்தனைகளும் உண்டு என்றது. மூன்று நீதிமன்றம், மூன்று பதில். முதலில் ஒத்துக்கொண்டுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவதுதான் இதில் கற்க வேண்டியது என்று தீர்ப்பிலேயே எழுதி வைத்தார்கள். உண்மையிலேயே அவசரம் என்றால், முதல் இரண்டு வார வேலையை மட்டும் பிரித்து, அதற்குத் தனி விலை போட்டு, ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

இன்னொரு சின்ன ஆனால் வலிக்கிற விஷயம். பெரும்பாலான மாதிரி ஒப்பந்தங்களின் கடைசியில் “இதுவே முழு ஒப்பந்தம், இதற்கு முன் பேசியது, எழுதியது எதுவும் செல்லாது” என்ற வரி இருக்கும். நல்ல வரிதான். ஆனால் “இதில் சேராது” என்று ப்ரொபோசலில் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியலும் அந்த ஒரே வரியில் அடிபட்டுப் போகும். வேலை விவரத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்றும் எழுதிவிட வேண்டும்.

மாஸ்டர் ஒப்பந்தமும் வேலைத்தாள்களும்

ஒரே வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் முழு ஒப்பந்தம் போடுவது இருவருக்கும் சலிப்பு. பொது நிபந்தனைகளை ஒருமுறை மாஸ்டர் ஒப்பந்தமாகக் கையெழுத்திட்டுக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் எல்லை, விலை, தேதி மட்டும் உள்ள ஒரு பக்க வேலைத்தாள் போடுவது இதற்கான வழி. மூன்றாவது வேலையின்போது இதற்கு மாறினால் போதும் என்பது என் கருத்து. முதல் சந்திப்பிலேயே மாஸ்டர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தால், வராத வேலைக்கும் சேர்த்துப் பேரம் பேச வேண்டியிருக்கும்.

மாதக் கட்டண வேலைகளுக்கும் இதே அமைப்பு பொருந்தும். ஆனால் அங்கே ஒரு தனிக் கேள்வி இருக்கிறது: ஒரு மாதம் பயன்படுத்தாத மணி நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா? எழுதாவிட்டால், போகும் என்று அவர் நினைப்பார், போகாது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆறாவது மாதத்தில் நாற்பது மணி நேர வேலையை ஒரே வாரத்தில் கேட்பார்.

அவர்கள் நீட்டும் ஒப்பந்தம்

பெரிய நிறுவனங்களிடம் உங்கள் தாள் எடுபடாது. அவர்களுடைய சட்டப் பிரிவு எழுதிய இருபது பக்கத்தைக் கொடுத்து, வென்டாராக, அதாவது அவர்களுக்குச் சேவை தருபவராக, பதிவு செய்யச் சொல்வார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் வேலை செய்கிறார்கள், ஒரு வரியையும் மாற்ற முடியாது என்பார்கள். மாற்ற முடியும். கேட்பவர்கள் குறைவு என்பதால் மாறுவது குறைவாக இருக்கிறது.

எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டியதில்லை. பணம் எத்தனை நாளில், உங்கள் இழப்பீட்டுப் பொறுப்புக்கு வரம்பு உண்டா, அவர்கள் காரணமின்றி ரத்து செய்தால் செய்த வேலைக்குப் பணம் உண்டா, வேறு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யத் தடை உண்டா, இந்த நான்கைத் தேடிப் படியுங்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது. பணம் தாமதமானால் ஒரு மாதம் சிரமம். வரம்பில்லாத இழப்பீடு என்பது ஒரே வேலையில் தொழிலையே மூடிவிடக்கூடியது. “இந்த வேலைக்காகப் பெற்ற கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை” என்று கேட்டுப் பாருங்கள். கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கில் வந்து நின்றாலும் அது வெற்றிதான்.

பண விஷயத்தில் சில இடங்களில் சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதிப்படி, ஒப்பந்தத்தில் கெடு எழுதாவிட்டால் 30 நாள். அதைத் தாண்டினால் ஐரோப்பிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி வட்டி. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் எத்தனை நாள் ஒத்துக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஒப்பந்தத்தில் 90 நாள் என்று இருப்பதைப் பார்த்ததும் மனம் விட்டுவிடாமல், உங்கள் நாட்டில் இதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசப் போங்கள்.

வேலையைத் தொடங்கச் சொல்லி அவர்கள் அனுப்பும் பர்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நீங்கள் கையெழுத்து வாங்கிய நிபந்தனைகளுக்கு மாறாக அங்கே பொடி எழுத்தில் வேறு நிபந்தனைகள் இருக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் வேலையைத் தொடங்கினால், கடைசியாக வந்த அந்தத் தாளை ஏற்றுக்கொண்டதாகவே வாதிட இடமுண்டு. “ஆர்டர் எண் கணக்குக்காக மட்டும், நிபந்தனைகள் நாம் கையெழுத்திட்ட தாளின்படி” என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

கையெழுத்தும் வக்கீலும்

கையெழுத்துக்காகக் கூரியரை நம்பியிருக்க வேண்டிய காலம் போய்விட்டது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 2000-ஆம் ஆண்டிலேயே மின்னணுக் கையெழுத்துக்கு இடமளிக்கும் சட்டங்கள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய விதி 2014-இல் வந்தது. எந்த வகைக் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், சாதாரணச் சேவை ஒப்பந்தத்துக்கு ஆன்லைன் கையெழுத்துச் சேவைகள் போதும். யார், எப்போது, எந்த மெயிலிலிருந்து கையெழுத்திட்டார் என்ற பதிவு அதோடு வருகிறது. அந்தப் பதிவுதான் உங்களுக்கு வேண்டியது. கையெழுத்தைப் படமாக ஒட்டி அனுப்பும் பிடிஎஃப்பில் அது கிடையாது. கையெழுத்திட்டவருக்கு நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறதா என்பதையும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரியா, வக்கீலா? ஒரு பக்க நிபந்தனைக்கு மாதிரியிலிருந்து தொடங்கலாம். புரியாத வரி ஒன்றுகூட இல்லாதபடி உங்கள் மொழியில் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத வரி தாளில் இருக்கக் கூடாது. எழுதி முடித்த பிறகு உள்ளூர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு ஒருமுறைதான், தாள் பல வருடத்துக்கு உதவும். இரண்டு தாள் முறைக்கும், அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்துக்கும் மாதிரியை நம்பாதீர்கள். அங்கே முதலிலிருந்தே வக்கீல் வேண்டும்.

வருடக்கணக்கில் தாளே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வாடிக்கையாளர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நடுவழியில் ஒப்பந்தத்தை நீட்டினால், என்னிடமே நம்பிக்கை போய்விட்டதா என்பார்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தொடாதீர்கள். அடுத்த புது வேலை வரும்போது, “இந்த வருடம் முதல் எல்லோருக்கும் இந்த அமைப்பில்தான் அனுப்புகிறோம், வேலை விவரம் ஒரு பக்கம், நிபந்தனை ஒரு பக்கம், படித்துவிட்டு மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்” என்று அனுப்புங்கள். பெரும்பாலும் ஒரு வார்த்தையும் கேட்காமல் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார்கள். கேட்பவர்களும் பெரும்பாலும் திருத்தச் சுற்று எத்தனை என்பதைத்தான் கேட்பார்கள். ஒன்றைக் கூட்டிக் கொடுத்துவிட்டு விலையைக் குறைக்காமல் இருங்கள்.